பொருந்தும் தொழிலைக் கண்டுபிடிக்கக் குறுகியகால வேலைகள்: எத்தனை வேலை, எவ்வளவு காலம், எதைக் குறித்து வைப்பது?

#1 வழித்துணை

"எனக்கு எந்த வேலை சரிவரும் என்றே தெரியவில்லை. நாலைந்து வேலைகளைக் கொஞ்ச காலம் செய்து பார்க்கலாமா?" இந்தக் கேள்வி மாதத்துக்கு ஒரு முறையாவது வருகிறது. "செய்து பாருங்கள்" என்று பதில் சொல்லிவிட்டு எல்லாரும் கலைந்துவிடுகிறோம். எப்படிச் செய்து பார்ப்பது என்று யாரும் எழுதவில்லை. அதனால் ஒன்றரை வருடம் அலைந்து ஆறு வேலை பார்த்தவர்கள்கூட, முதல் நாள் இருந்த அதே குழப்பத்தோடு திரும்பி வருகிறார்கள்.

ஆகவே இந்த இழை செய்முறைக்கு மட்டும். ஒரு வேலையில் எவ்வளவு காலம் இருந்தால் போதும்? எத்தனை வேலை? பிடிக்காமல் போனது வேலையா, மேலாளரா என்று எப்படிப் பிரிப்பது? இடையில் சம்பளம் வராத வாரங்களுக்கு என்ன வழி? ரெஸ்யூமேயில் எப்படிக் காட்டுவது? அனுபவக் கதைகள் தனி இழையில் இருக்கின்றன. இங்கே அளவும் முறையும் எழுதுங்கள்.

#2 நிறைகோல்

முதல் கேள்வியிலேயே ஒரு திருத்தம். காலத்தை நாளாலோ வாரத்தாலோ அளக்காதீர்கள். சுற்றால் அளந்து பாருங்கள்.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சுற்று உண்டு. வேலை கைக்கு வருவது, செய்வது, ஒப்படைப்பது, அதிலுள்ள தவறு திரும்பி வருவது, அதைத் திருத்தி முடிப்பது. இவ்வளவும் சேர்ந்தால் ஒரு சுற்று. கணக்கு எழுதும் வேலையில் அது ஒரு மாதம். மாதக் கடைசியில் வங்கிக் கணக்கோடு ஒத்துப் பார்க்கும்போது சின்னத் தொகை ஒன்று இடிக்கும்; அதைத் தேடி இரண்டு மணி நேரம் போகும். அந்தத் தேடல் உங்களுக்கு வேதனையா, விறுவிறுப்பா என்பதில்தான் விடை இருக்கிறது. 1ஆம் தேதி சேர்ந்து 20ஆம் தேதி விலகியவர் கணக்கு வேலையைப் பார்க்கவில்லை, பில் அடுக்கும் வேலையைப் பார்த்திருக்கிறார்.

உணவகச் சமையலறையில் சுற்று ஒரு வாரம்: ஆளில்லாத நாள், கூட்டம் நெரியும் நாள், சரக்கு இறங்கும் நாள், அடுப்பு முதல் வடிகால் வரை தேய்த்துக் கழுவும் நாள். மென்பொருள் குழுக்களில் பெரும்பாலும் 2 வாரச் சுற்று ஓடும். ஆனால் முதல் சுற்றில் நீங்கள் விட்ட பிழை அடுத்ததில்தான் திரும்பி வரும். கற்பித்தலில் ஒரு பாடப்பகுதியைத் தொடங்கி, தேர்வு வைத்து, விடைத்தாள் திருத்தி, பின்தங்கியவர்களுக்கு மறுபடி சொல்லிக் கொடுப்பது வரை. பாடம் நடத்துவதோடு நின்றுவிட்டால் அது பாதிச் சுற்று. அழைப்பு மையத்தில் ஒரு சுற்று சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

குறைந்தது 3 சுற்று வேண்டும். முதலாவதில் எல்லாமே புதிது, எதையும் நம்ப முடியாது. இரண்டாவதில் தவறு எங்கே நடக்கிறது என்று புரியும். மூன்றாவதில்தான் யாரையும் கேட்காமல் கை ஓடும். எடைபோட வேண்டியது அந்த மூன்றாவது சுற்றைத்தான்.

இதற்கு இரண்டு எல்லைகள். சுற்று எவ்வளவு சிறியதானாலும் 4 வாரத்துக்குக் கீழே போகாதீர்கள்; முதல் இரண்டு வாரமும் ஆட்களின் பெயர், பொருள் இருக்கும் இடம், கணினியில் நுழையும் வழி இவற்றைப் பழகுவதிலேயே கரையும். மாதச் சுற்று என்றால் 3 மாதம். ஆண்டுச் சுற்றுள்ள வேலைகளில் (வேளாண்மை, வரித் தாக்கல், கள ஆய்வு) முழுச் சுற்று நமக்குக் கட்டுப்படியாகாது. அங்கே ஆண்டின் மிகக் கடினமான 6 வாரங்களைத் தேர்ந்தெடுத்து அப்போது போய்ச் சேருங்கள். அறுவடை, வரிக் கெடு நெருங்கும் நாட்கள் போன்றவை. ஆள் தேவைப்படுவதும் அப்போதுதான், கதவும் எளிதில் திறக்கும்.

#3 சாணைக்கல்

சுற்று என்ற அளவை ஏற்கிறேன். ஆனால் அதற்கு முன்பே ஒரு படி இருக்கிறது. பலரும் வேலையின் பெயரைச் சோதிக்கிறார்கள், அதிலுள்ள செயலை விட்டுவிடுகிறார்கள்.

"நிகழ்ச்சி ஏற்பாடு" என்றதும் மேடையும் விளக்கும் மனதில் வரும். உள்ளே போனால் மூன்று பேரிடம் விலைப்பட்டியல் வாங்கி ஒப்பிடுவது, வருகிறேன் என்றவரைத் திரும்பத் திரும்ப அழைத்து உறுதி செய்வது, விருந்தினர் பட்டியலில் எழுத்துப்பிழை பார்ப்பது, கடைசி நேரத்தில் ஒருவர் வராமல் போனால் மாற்று ஆள் பிடிப்பது, எல்லாம் முடிந்தபின் பாக்கிப் பணத்துக்கு அலைவது. மேடை நாள் இதில் சிறு பங்குதான்.

செயல்களைக் கண்டுபிடிக்கும் முறை இது. ஒரே பணிக்கு வந்த 10 வேலை விளம்பரங்களை எடுங்கள். பெயர்ச்சொல், பெயரடை எல்லாவற்றையும் தள்ளிவிட்டு வினைச்சொற்களை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள்: ஒத்துப்பார், அழை, எழுது, அள, விற்பனை செய், பின்தொடர், பழுது பார், விளக்கு. எது எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். முதல் ஐந்தாறு வினைகள்தான் அந்த வேலை. நான்கு தொழில்களுக்கு இப்படிச் செய்தால், இரண்டு தொழில்கள் பெயரில் வேறாகவும் வினையில் ஒன்றாகவும் இருப்பது கண்ணில் படும். காப்பீடு விற்பதிலும் நன்கொடை திரட்டுவதிலும் அழை, விளக்கு, பின்தொடர், மறுப்பைத் தாங்கு ஆகியவைதான் முன்னால் நிற்கும். இரண்டையும் தனித்தனியாகச் சோதிப்பது ஒரே சோதனையை இரண்டு முறை செய்வதுதான்.

சோதனைகள் ஒன்றுக்கொன்று தள்ளி இருக்க வேண்டும். அதற்கு ஒரு பழைய வரைபடம் உதவும். அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலண்ட் 1959இல் முன்வைத்த கோட்பாடு, பின்னர் ஆறு வகைகளை ஓர் அறுகோணத்தில் வைக்கும் படமாக வளர்ந்தது. வரிசை இது: கைவினையும் கருவியும், ஆராய்தல், கலை, மனிதருக்கு உதவுதல், முன்னின்று நடத்தி விற்றல், ஒழுங்கும் பதிவும். பக்கத்துப் பக்கத்து முனைகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும், எதிரெதிர் முனைகள் மிகவும் வேறுபடும். முதல் மூன்று சோதனைகளுக்கு ஒன்றுவிட்டு ஒன்றாக எடுங்கள்: கருவி, கலை, நடத்தல், அல்லது ஆராய்தல், உதவுதல், ஒழுங்கு. இந்த வகைப்பாட்டை ஜாதகம் மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கே கல் எறிந்து பார்ப்பது என்பதற்கு மட்டும் போதும்.

#4 கைக்கணக்கு

பணத்தைப் பற்றி யாராவது தொடங்க வேண்டும். மற்ற எல்லாம் சரியாக இருந்தும் மூன்றாவது வேலையிலேயே பலர் நின்றுவிடுவது பணத்தால்தான். கையிருப்பு தீர்ந்ததும் அப்போது எந்த வேலையில் இருக்கிறார்களோ அதையே "பொருந்தியது" என்று ஏற்றுக்கொள்கிறார்கள்.

4 வேலை, ஒவ்வொன்றும் 8 வாரம் என்று வைத்தால் 32 வாரம். நடுவே 3 இடைவெளி. தேடல், நேர்காணல், சரிபார்ப்பு எல்லாம் சேர்த்து இடைவெளிக்கு 3 வாரம் என்றால் 9. மொத்தம் 41 வாரம், சம்பளம் வருவது 32க்கு. ஏறத்தாழ 78 விழுக்காடு. இத்தோடு இரண்டு விஷயங்களை மறக்கிறார்கள். ஒன்று, சேர்ந்ததும் சம்பளம் வராது. மாதச் சம்பளம் என்றால் முதல் தொகை கைக்கு வர 4 முதல் 6 வாரம் ஆகலாம். இரண்டு, நான்காவது வேலை முடிந்த பிறகு நிரந்தர வேலை தேடும் காலம். அதற்கு 6 வாரமாவது ஒதுக்குங்கள்.

ஆக, தொடங்கும் நாளில் கையில் இருக்க வேண்டியது: இடைவெளி 9 + முதல் சம்பளத் தாமதம் 5 + கடைசித் தேடல் 6 = 20 வாரச் செலவு. வேலை செய்யும் வாரங்களில் செலவு போக மீதி நிற்கும் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் இதைக் குறைக்கலாம். குறுகியகால வேலைகளில் மீதி நிற்கும் என்று நம்பித் திட்டம் போட வேண்டாம். ஒவ்வொரு புது வேலைக்கும் முன்செலவு உண்டு: பாதுகாப்புக் காலணி, சீருடை, மருத்துவப் பரிசோதனை, பயணம். இவற்றைத் தனி வரியாக எழுதுங்கள்.

20 வாரம் இல்லையா? வேலையின் எண்ணிக்கையைக் குறையுங்கள், காலத்தைக் குறைக்காதீர்கள். இரண்டு வேலையை முழுதாகப் பார்ப்பது நான்கை அரைகுறையாகப் பார்ப்பதைவிட மேல்.

வேலை வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவர்களிடம் போகாதீர்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு 181ஆவது உடன்படிக்கை, தனியார் வேலைவாய்ப்பு முகவர்கள் தொழிலாளரிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்பதைப் பொது விதியாக வைத்திருக்கிறது. எல்லா நாடுகளும் அதை ஏற்கவில்லை, விதிவிலக்குகளும் உண்டு. ஆனாலும் சில வார வேலைக்கு ஒருவர் பணம் கேட்டால் அந்த இடத்தைக் கடந்துபோவதே சரி.

#5 ஏடு

எதைக் குறித்து வைப்பது என்பதற்கு.

மனதில் தங்கும் நினைவை நம்ப வேண்டாம். ஓர் அனுபவத்தைப் பின்னால் நினைக்கும்போது அதன் உச்சக் கட்டமும் முடிவும்தான் தூக்கலாகத் தெரியும், எவ்வளவு நேரம் நீடித்தது என்பது மங்கிவிடும். டேனியல் கானமனும் உடன் ஆய்வாளர்களும் 1990களில் இதைக் காட்டினார்கள். கடைசி நாள் எல்லாரும் அன்பாக வழியனுப்பி வைத்தால் எட்டு வாரச் சலிப்பும் மறந்துபோகும். கடைசி வாரம் ஒரு சண்டை வந்தால் நல்ல வேலையும் கசந்துவிடும். அன்றன்றைக்கு எழுதிய ஏடுதான் சாட்சி.

தினமும் 5 நிமிடம், வேலை முடிந்து ஒரு மணி நேரத்துக்குள். அன்று செய்த செயல்களில் அதிக நேரம் பிடித்த 3 மட்டும். ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டம்:

செயல் (வினைச்சொல்லில்) | நிமிடம் | முடித்தபின் தெம்பு, –2 முதல் +2 வரை | காரணம்: செயலா, சூழலா?

எடுத்துக்காட்டு:

சரக்கு எண்ணிப் பதிந்தேன் | 110 | +1 | செயல்
புகார் அழைப்புக்குப் பதில் சொன்னேன் | 90 | –2 | சூழல் (மேற்பார்வையாளர் பின்னால் நின்றார்)
அறிக்கை தட்டச்சினேன் | 40 | –1 | செயல்

"பிடித்ததா" என்ற கட்டம் வேண்டாம். அந்தக் கேள்விக்கு மனம் சமூகத்துக்கு ஏற்ற பதிலைத் தயாரித்துவிடும். தெம்பு கூடியதா குறைந்ததா என்று கேட்டால் உடம்பு உண்மையைச் சொல்லும்.

வழித்துணை கேட்ட மூன்றாவது கேள்விக்கு விடை நான்காவது கட்டத்தில் இருக்கிறது. வாரக் கடைசியில் மைனஸ் வந்த வரிகளை மட்டும் எடுத்து, செயலால் வந்தவை எத்தனை நிமிடம், சூழலால் வந்தவை எத்தனை நிமிடம் என்று கூட்டுங்கள். மேலாளர், சம்பளத் தாமதம், பயண நேரம், இரைச்சல், உடன் வேலை செய்பவர் எல்லாம் சூழல். இடம் மாறினால் மாறக்கூடியவை. வேறு எந்த இடத்துக்குப் போனாலும் கூடவே வருவது எதுவோ அதுதான் செயல். மைனஸ் நிமிடங்களில் பெரும்பங்கு சூழல் என்றால் தொழிலை நிராகரிக்க இன்னும் ஆதாரம் இல்லை. அதே செயலை வேறு இடத்தில் 4 வாரம் செய்து பாருங்கள்.

#6 வழித்துணை

நான்கு கட்ட ஏட்டை இழையின் தலைப்பகுதியில் ஒட்டி வைக்கிறேன். ஒரு சந்தேகம். புதிதாகச் சேர்ந்தவருக்கு எதுவும் வராது. வராததாலேயே பிடிக்காமல் இருக்கும். கற்கும் காலத்துச் சிரமம் எது, உண்மையான ஒவ்வாமை எது?

#7 சாணைக்கல்

ஒரே செயலை மூன்று முறை அளந்து பாருங்கள்: 1ஆம், 3ஆம், 5ஆம் வாரங்களில். வேகமும் தவறின் எண்ணிக்கையும் ஒரு கோடு, தெம்பு மதிப்பெண் இன்னொரு கோடு. திறமை ஏற ஏறத் தெம்பும் ஏறினால் அது கற்கும் சிரமம், கடந்துவிடும். திறமை ஏறியும் தெம்பு அதே –2இல் கிடந்தால் ஒவ்வாமை. திறமையே ஏறவில்லை என்றால் முடிவெடுக்காதீர்கள். சரியாகச் சொல்லிக் கொடுத்தார்களா என்று முதலில் பாருங்கள்.

நான்காவதாக ஒரு நிலை உண்டு, அதில்தான் ஏமாறுவோம்: திறமை கிடுகிடுவென ஏறும், தெம்பு மெல்ல இறங்கும். நன்றாகச் செய்கிறார் என்று எல்லாரும் பாராட்டுவார்கள், நிரந்தரமாக்குகிறோம் என்றும் சொல்வார்கள். கைவந்த வேலையும் பொருந்தும் வேலையும் ஒன்றல்ல. அந்தப் பாராட்டு வரும் வாரத்தில் ஏட்டைத் திறந்து பார்க்காமல் பதில் சொல்லாதீர்கள்.

இரவுப் பணியுள்ள வேலைகளுக்கு ஒரு தனிக் குறிப்பு. தூக்கம் கெட்டிருக்கும்போது எழுதும் மதிப்பெண் வேலைக்கு உரியது அல்ல, தூக்கத்துக்கு உரியது. எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று ஐந்தாவது கட்டம் சேருங்கள். 6 மணிக்குக் குறைந்த நாட்களின் வரிகளைத் தனியே கூட்டுங்கள். உடல் பழகிவிடும் என்ற நம்பிக்கையையும் அளவோடு வையுங்கள். நிரந்தர இரவுப் பணியில் இருப்பவர்களிலும் பெரும்பாலோருக்கு உடல் கடிகாரம் இரவு வேலைக்கு ஏற்ப முழுதாக மாறுவதில்லை. உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இலும் மறுபடி 2019இலும் இரவுப் பணியைப் "புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது" என்ற 2ஏ பிரிவில் வைத்திருக்கிறது. செவிலியம், காவல், தொழிற்சாலைப் பணி போன்றவற்றைச் சோதிப்பவர்கள் நேரத்தையும் தொழிலின் பகுதியாகவே எடைபோட வேண்டும்.

#8 எண்சட்டம்

எத்தனை வேலை என்ற கேள்விக்குக் கணிதத்தில் விடை இருக்கிறதே. பார்க்கப்போகும் வாய்ப்புகளில் முதல் 37 விழுக்காட்டை வெறுமனே பார்த்துத் தள்ளிவிட்டு, அதன்பின் அவற்றையெல்லாம்விடச் சிறந்ததாக வரும் முதல் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். பத்து வேலை என்றால் முதல் மூன்று, நாலைத் தள்ள வேண்டும்.

#9 நிறைகோல்

இந்த விதி இங்கே பொருந்தாது என்று நினைக்கிறேன். காரணம் சொல்கிறேன்.

அந்தக் கணக்கில் தள்ளியதை மீண்டும் எடுக்க முடியாது. வேலையில் முடியும்; நல்லபடியாக விலகியவரைத் திரும்ப அழைப்பார்கள். அந்தக் கணக்கில் ஒன்றைப் பார்ப்பதால் மற்றொன்றைப் பற்றி எதுவும் கற்பதில்லை. இங்கே முதல் வேலையில் "அழைப்பு எடுப்பது எனக்கு ஆகாது" என்று தெரிந்தால் பட்டியலிலுள்ள இன்னும் மூன்று வேலைகளும் சேர்ந்தே விழுந்துவிடும். முக்கியமாக, அந்த விதி மிகச் சிறந்த ஒன்றே வேண்டும், இரண்டாவது கிடைத்தாலும் தோல்வி என்று வைத்துக் கணக்கிடுகிறது. அப்படியும் அது வெல்வது ஏறக்குறைய 37 விழுக்காடுதான். நமக்குத் தேவை நெடுங்காலம் தாங்கக்கூடிய நல்ல வேலை. முதலிடத்து வேலைதான் வேண்டும் என்றில்லை.

என் பரிந்துரை: திட்டமிடும்போது 3. மூன்றும் ஒன்றுக்கொன்று தள்ளியவை. மூன்றின் ஏடுகளையும் சேர்த்துப் பார்த்தால் தெம்பு கூடும் இரண்டு அல்லது மூன்று வினைகள் மேலே நிற்கும். நான்காவதை அந்த வினைகள் அதிகமுள்ள தொழிலாகத் தேர்ந்தெடுங்கள். அது சரிபார்க்கும் சோதனை, அங்கே நீண்ட காலம் இருங்கள். ஐந்தாவதுக்கு மேல் போகும்போது பெரும்பாலும் தகவல் கூடுவதில்லை, முடிவெடுக்கும் பயம்தான் கூடுகிறது.

#10 எண்சட்டம்

திரும்ப அழைப்பார்கள் என்ற இடத்தை யோசிக்கவில்லை. ஏற்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்க வேண்டும்: எப்போது விலகுவது என்பதைச் சேரும் முன்பே எழுதி வைக்க வேண்டும். உள்ளே போன பிறகு விதி எழுதினால் அன்றைய மனநிலைதான் விதியாகும். மாதிரிக்கு இரண்டு: "மூன்றாவது சுற்றிலும் வேலை நேரத்தில் பாதிக்கு மேல் செயல் சார்ந்த மைனஸாக இருந்தால், ஒப்பந்த நாளோடு முடித்துக்கொள்வேன்." "பாதுகாப்புக் கருவி தராமல் ஆபத்தான வேலை கொடுத்தால், சம்பளத்தைப் பிடித்து வைத்தால், அன்றே விலகுவேன்." முதலாவது பொறுத்துப் பார்க்கும் விதி, இரண்டாவது பொறுக்கக்கூடாத விதி. இரண்டையும் கலக்கக்கூடாது.

#11 முத்திரை

ஒப்பந்தம் பற்றி யாரும் தொடவில்லை. அதோடு ஒட்டிய நேர்மையையும் பேசியாக வேண்டும்.

நிரந்தர வேலையில், இரண்டு மாதத்தில் போய்விடுவேன் என்ற எண்ணத்தை மறைத்துக்கொண்டு சேராதீர்கள். பயிற்சி கொடுக்கும் நிறுவனத்துக்கு இழப்பு, அந்த இடத்துக்கு உண்மையாக ஏங்கிய ஒருவருக்கு அநியாயம். தேவையும் இல்லை. இயல்பிலேயே முடிவு நாளுள்ள வேலைகள் ஏராளமாக இருக்கின்றன: மகப்பேறு விடுப்பில் போனவருக்கு மாற்று ஆள், பண்டிகைக் கால விற்பனை, கிடங்கில் ஆண்டிறுதி இருப்பு எடுப்பு, வீடு வீடாகக் கணக்கெடுப்பு, தேர்வு மேற்பார்வை, கோப்புகளைக் கணினியில் ஏற்றும் திட்டம், கண்காட்சி அரங்கப் பணி, மாற்று ஆசிரியர். இவற்றில் விடுப்பு மாற்றுதான் தங்கம். ஒரு நிரந்தரப் பணியாளரின் முழு மேசையும் உங்களிடம் வரும், சுற்றும் முழுதாகக் கிடைக்கும். பண்டிகைக் கால விற்பனையில் உச்ச நாட்களை மட்டுமே பார்ப்பீர்கள், அதை வைத்துக் கடை வேலை முழுவதையும் எடைபோட முடியாது.

கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை:

முடிவு நாள் எழுதப்பட்டிருக்கிறதா. "தேவைப்படும் வரை" என்றிருந்தால் இரு தரப்புக்கும் உரிய நோட்டீஸ் காலம் என்ன. குறுகியகால வேலைக்கு ஒரு மாத நோட்டீஸ் என்றால் அடுத்த வேலையின் தொடக்கம் தள்ளிப்போகும்.

சம்பள நாள், கணக்கிடும் முறை (மணிக்கா, நாளுக்கா, முடித்த எண்ணிக்கைக்கா), கூடுதல் நேரத்துக்கு என்ன விகிதம். பயிற்சி நாட்களுக்குச் சம்பளம் உண்டா என்பதைத் தனியே கேளுங்கள். பெரும்பாலான தகராறு அங்கேதான் தொடங்கும்.

பாதியில் போனால் பயிற்சிச் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்ற வரி இருக்கிறதா. இருந்தால் சோதனைக்கு அந்த வேலை ஆகாது.

போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்ற தடை. எட்டு வார வேலைக்கு ஓர் ஆண்டுத் தடை போட்டிருந்தால் நீக்கச் சொல்லுங்கள். நீக்காவிட்டால், அந்தத் துறையில்தான் நான்காவது சோதனை வரும் என்றால் கையெழுத்திட வேண்டாம்.

வேலையிடத்தில் காயம் பட்டால் காப்பீடு யாருடையது. முகவர் வழியாகப் போகும்போது முகவரும் நிறுவனமும் ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள். பெயரை எழுத்தில் வாங்குங்கள்.

அசல் சான்றிதழையோ அடையாள ஆவணத்தையோ ஒப்படைக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். நகல் போதும்.

விலகும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே அனுபவச் சான்றிதழ், வரிப் பிடித்த விவரம், பரிந்துரைக்கு ஒருவரின் ஒப்புதல் மூன்றையும் கேட்டுவிடுங்கள். இரண்டு மாதம் கழித்துக் கேட்டால் உங்கள் பெயரே அங்கே யாருக்கும் நினைவிருக்காது. ஒரே வரியாண்டில் நான்கு முதலாளிகள் இருக்கும்போது, ஒவ்வொருவரும் தாங்கள் கொடுத்த சம்பளத்தை மட்டும் பார்த்து வரி பிடித்திருக்கக்கூடும். கடைசியில் மொத்தமாகச் சேர்த்துப் பார்க்க அந்த நான்கு தாளும் வேண்டும்.

#12 கைக்கணக்கு

ரெஸ்யூமே கேள்வி மிச்சம் இருக்கிறது. நான்கு வேலையை நான்கு தனித் தலைப்பாகப் போட்டால், நிலையில்லாதவர் என்று பார்ப்பவர் முடிவு கட்டிவிடுவார். "ஒப்பந்தப் பணிகள்" என்று ஒரே தலைப்பு, பக்கத்தில் மொத்தக் காலம். கீழே ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி: என்ன பொறுப்பு, எண்ணில் என்ன விளைவு. "விடுப்பு மாற்று", "ஆண்டிறுதி இருப்பு எடுப்பு" என்று வேலையின் இயல்பையும் எழுதினால் ஏன் சீக்கிரம் முடிந்தது என்ற கேள்வியே எழாது.

நேர்காணலில் மூன்று வாக்கியம் போதும்: எதைக் கண்டறியப் போனீர்கள், என்ன தெரிந்தது, அதனால் ஏன் இந்த வேலைக்கு வந்திருக்கிறீர்கள். முந்தைய இடங்களைக் குறை சொல்ல வேண்டாம். "பொருட்களோடு வேலை செய்வதைவிட மனிதர்களின் சிக்கலைத் தீர்ப்பதில் தெம்பு கூடுகிறது என்று தெரிந்தது" என்று வினையாகச் சொல்லுங்கள்.

#13 மேசைவிளக்கு

முழு இழையையும் படித்தேன். ஓர் எதிர்வாதம் வைக்கிறேன். எட்டு வாரத்தில் எந்த வேலையும் சலிக்காது. புதுமையே தூக்கிக்கொண்டு போகும். வேலை மாறியவர்களின் மனநிறைவு முதலில் ஏறிப் பிறகு இறங்குவது ஆய்வுகளில் பதிவான விஷயம். மூன்றாம் ஆண்டில் வரும் சலிப்பைக் குறுகியகால வேலை காட்டவே காட்டாது. இன்னொன்று, குறுகியகால ஆளுக்குக் கொடுப்பது அடிமட்ட வேலை. சட்ட அலுவலகத்தில் எட்டு வாரம் கோப்பு அடுக்கியவருக்கு வழக்கறிஞர் தொழில் தெரிந்துவிடுமா? மருத்துவம், சட்டம், கட்டட வடிவமைப்பு போன்று ஆண்டுக்கணக்கில் படித்து உரிமம் வாங்கும் தொழில்களை இந்த முறையில் சோதிக்க முடியாது.

#14 ஏடு

நீங்கள் சொல்வது சரிதான். முறையின் எல்லை அது. ஆனால் அந்த எல்லையில் செய்யக்கூடியவை சில உண்டு.

உரிமத் தொழில்களில் வேலையைச் செய்ய முடியாது, அருகிலிருந்து பார்க்கலாம். கோப்பு அடுக்குபவராக இருங்கள், ஆனால் ஏட்டில் உங்கள் செயலை எழுதாதீர்கள். ஒரு வழக்கறிஞர் நாள் முழுதும் என்ன செய்கிறார் என்று 30 நிமிடத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். பத்து நாள் எழுதினால் போதும்: வாசிப்பு எத்தனை மணி, காத்திருப்பு எத்தனை மணி, கட்சிக்காரரோடு பேச்சு எத்தனை மணி. அந்த விகிதம் உங்களுக்கு ஏற்றதா என்று கேளுங்கள். இதற்கு அனுமதி வாங்க வேண்டும், பெயரோ வழக்கு விவரமோ எழுதக்கூடாது.

சலிப்புக்கு: அங்கே 3 ஆண்டு, 10 ஆண்டு இருப்பவர்களில் இருவரைத் தேடி 20 நிமிடம் கேளுங்கள். "வேலை எப்படி" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: போன செவ்வாய்க்கிழமை காலை முதல் மாலை வரை என்ன செய்தீர்கள்? முதலாண்டில் செய்ததில் இன்னும் செய்வது எது? இந்த வேலையை விட்டுப் போனவர்கள் எதற்காகப் போனார்கள்? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை அப்படியே எழுதி வையுங்கள். ஒரே காரணத்தை இருவரும் தனித்தனியே சொன்னால் அது தொழிலின் இயல்பு.

மூன்றாவதாக, இருக்கும் காலத்திலேயே சலிப்பை வரவழைக்கலாம். திரும்பத் திரும்ப வரும் பகுதி எதுவோ (தரவு ஏற்றுதல், அளவெடுத்தல், பதிவேடு நிரப்புதல்) அதை 5ஆவது வாரத்திலிருந்து கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள். யாரும் மறுக்க மாட்டார்கள். கவர்ச்சியான பகுதியைக் கேட்டு வாங்கினால் உங்களுக்குத் தகவல் குறையும்.

#15 மேசைவிளக்கு

"போனவர்கள் எதற்காகப் போனார்கள்" என்ற கேள்விக்காகவே இந்த இழையைச் சேமித்து வைக்கிறேன். நன்றி. இன்னும் ஒன்று: நான்காவது சோதனையும் முடிந்து இரண்டு தொழில்கள் சமமாக நின்றால்?

#16 நிறைகோல்

தெம்பு மதிப்பெண்களின் கூட்டுத்தொகை சமமாக இருந்தால் மைனஸ் வரிகளை மட்டும் ஒப்பிடுங்கள். ஒரு தொழிலில் –1 நிறையவும் –2 அரிதாகவும் இருக்கும், மற்றதில் +2களுக்கு நடுவே –2கள் வரும். அந்த –2 எந்த வினையில் விழுகிறது, அந்த வினை பதவி ஏற ஏறக் கூடுமா குறையுமா என்று 10 ஆண்டு இருப்பவரின் செவ்வாய்க்கிழமையோடு ஒத்துப் பாருங்கள். கூடும் என்றால் அந்தத் தொழிலைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். அப்படியும் பிரியவில்லை என்றால், முதலில் அழைக்கும் இடத்தில் 6 மாத ஒப்பந்தம் கேளுங்கள். ஏட்டை நிறுத்த வேண்டாம், வாரத்துக்கு ஒரு நாள் எழுதினாலும் போதும். மற்ற இடத்து மேலாளருக்கு நன்றி சொல்லி ஒரு மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள், அந்தக் கதவு திறந்தே இருக்கட்டும்.